‘டாக்டர் ஹூ’ டைட்டில் இசை: 50 வருஷம் கழித்து வந்த பெயர்

1963. சின்தசைசர் கடையில் கிடைக்காத காலம். பிபிசி-யின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் டைட்டில் இசையை உருவாக்கிய டெலியா டெர்பிஷயருக்கு அப்போது வயது 26.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்தவர். உலகப் போரில் அந்த ஊர் மீது குண்டு விழுந்தபோது, சைரன் சத்தம் கேட்டு வளர்ந்த குழந்தை. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு, டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டார். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பெண்களை எடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். 1960-ல் பிபிசி-யில் சேர்ந்து, 1962-ல் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் கொடுத்தது காகிதத்தில் எழுதிய நோட்ஸ்தான். டெலியா ஒரே ஒரு கம்பியைச் சுண்டி டேப்பில் பதிவு செய்தார். டேப்பை வேகமாக ஓட்டினால் ஸ்வரம் ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, ஒட்டி, உதவியாளர் டிக் மில்ஸுடன் பேஸ் லைனைக் கட்டினார். மெலடிக்கு, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆஸிலேட்டர்! அவருக்குப் பிடித்த இன்னொரு ‘வாத்தியம்’, பச்சை நிற லேம்ப் ஷேட். ஆமாம், விளக்கு மூடியேதான்.

கேட்டு அசந்துபோன கிரெய்னர், டெலியா பெயரையும் சேர்க்கச் சொன்னார். பிபிசி மறுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைப் போடுவதில்லையாம்.

1973-ல் டெலியா வேலையை விட்டார். கொஞ்ச காலம் கேஸ் பைப்லைன் பதிக்கும் இடத்தில் ரேடியோ ஆபரேட்டராகக்கூட இருந்தார். 2001-ல் 64 வயதில் இறந்தபோது, வீட்டுப் பரணில் 267 டேப்கள் இருந்தன. ‘டாக்டர் ஹூ’ டைட்டிலில் அவர் பெயர் முதல்முறையாக வந்தது 2013-ல், 50-ஆம் ஆண்டு சிறப்பு எபிசோடில்.