நிழலைத் தெளிவாக்கிய அறிஞர் இராமச்சந்திரன்

கணக்குப் பாடம் வாழ்வில் எதற்கு உதவும் என்று மாணாக்கர் சிலர் வினவுவதுண்டு. அவர்களுக்கு நாம் அறிஞர் கோ. நா. இராமச்சந்திரன் அவர்களின் வரலாற்றை எடுத்துக்கூற விழைகிறோம்.

இவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தோன்றினார். கணிதப் பேராசிரியராகிய தந்தையார், மகனுக்கு இளமையிலேயே கணிதத்தில் பற்றுண்டாக்கினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றபின், 1942-இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூர் சென்றவரை, சர் சி. வி. இராமன் இயற்பியல் துறைக்கு மாற்றிக்கொண்டார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமை இவரை வந்தடைந்தது. நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், கயிறுபோல் முறுக்கிய மூன்று இழைகளால் ஆனது என்பதை எக்ஸ்ரே கதிர்களின் துணையால் கண்டறிந்தார்.

எக்ஸ்ரே படத்தில் ஒரு குறை உண்டு. எலும்பும் தசையும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிழலாக விழும். நம் தோட்டத்து ரப்பர் மரங்களை நிரைக்கு நேரே நின்று நோக்கினால், பல மரங்கள் ஒரே மரமாய்த் தோன்றும். சுற்றிவந்து நோக்கினால்தான் ஒவ்வொன்றின் இடமும் விளங்கும். அவ்வாறே உடலைச் சுற்றிப் பல கோணங்களில் நிழல்களைப் பதிந்து, கணக்கிட்டு ஒன்றுசேர்த்தால் உட்புறம் புலப்படும். ஆயினும் வெறுமனே சேர்த்தால் படம் மங்கலாகும். சேர்க்குமுன் ஒவ்வொரு நிழலையும் திருத்தி அம்மங்கலை நீக்கும் எளிய கணித முறையை, 1971-இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். கணக்கிடும் வேலை குறைந்தது, படமும் தெளிந்தது.

அதே ஆண்டில் இலண்டனில் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தது. அதற்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டு, கோர்மாக் ஆகிய இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு கிட்டவில்லை. ஆனால், பின்வந்த ஸ்கேன் கருவிகளில் அம்முறை பல்லாண்டுகள் பணிபுரிந்தது. அதிலுள்ள திருத்தக் கணக்கு அவ்விருவர் பெயரால் ராம்-லாக் என்றே இன்றும் வழங்கப்படுகிறது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

தலையில் அடிபட்டு ஜோர்ஜ்டவுன் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் தொழிலாளியின் மூளையில் குருதி கசிந்துள்ளதா என்பதை, மண்டையைத் திறவாமலே இன்று மருத்துவர் காண்கிறார். அவ்வுயிரைக் காப்பதில் கணக்குக்கும் பங்குண்டு. மாணாக்கர்களே, வாய்பாட்டை வெறுக்காதீர். பெற்றோர்களே, பிள்ளைகளின் கணக்கேட்டை நாள்தோறும் ஒருமுறை திறந்து பாருங்கள்.