பதவி துறந்த பேராசிரியர்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, அலுவலகக் கணக்கும் கோப்புமாக வாழும் நம்மனோர்க்கு, சர் சந்திரசேகர வேங்கட இராமனின் வாழ்க்கையில் ஒரு பகுதி மிக நெருக்கமானது. விஞ்ஞானியாக உலகம் போற்றும் அவர், பத்தாண்டுக் காலம் சர்க்கார் கணக்கு அதிகாரியாகவும் இருந்தவர்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொள்ள இந்தியர்க்கு அந்நாளில் வழி அரிது. மேல்நாடு செல்லவோ உடல்நிலை இடந்தரவில்லை. எனவே நிதி இலாகாத் தேர்வில் முதலிடம் பெற்று, அவ்வாண்டே பதினெட்டு வயதில் கல்கத்தாவில் துணை அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பதவியேற்றார். இளமனைவி லோகசுந்தரி அம்மையாரும் உடன் வந்தார்.

ஒருநாள் டிராமில் செல்லுகையில், போபஜார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. அது 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். ஆய்வாளர் இன்றி வெறிச்சோடிக் கிடந்த அக்கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் அதிகாலையில் ஆய்வு, பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வு என்பதே அவரது வாழ்வாயிற்று. வயலின், எக்தாரா முதலிய இசைக்கருவிகளின் ஒலியியல்பை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாயிற்று. ஆயினும் ஆய்வு நின்றுவிடவில்லை. 1911இல் கல்கத்தா திரும்பினார்.

இவ்வுழைப்பைக் கண்டுணர்ந்தவர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி. தாரகநாத் பாலித்தின் நன்கொடையால் அமைந்த பௌதிகப் பேராசிரியர் பதவியை இராமனுக்கு அளிக்க முன்வந்தார். ஏற்றால் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகும். மேன்மேலும் உயரக்கூடிய சர்க்கார் பதவியும் கைவிட்டுப் போகும். அயல்நாட்டுப் பயிற்சி பெறவேண்டும் என்ற நிபந்தனைக்கும் இராமன் இணங்கவில்லை; அது தளர்த்தப்பட்டது. 1917இல் அவர் உத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானார்.

பின் நிகழ்ந்தவை நாடறிந்தவை. 1921இல் கப்பலிற் செல்கையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வு வளர்ந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள், மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு கிட்டியது. 1933இல் பெங்களூர் சென்ற அவர், 1970 நவம்பர் 21ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அவர் பதவியை ஒரே நாளில் உதறிவிடவில்லை என்பதை நாம் கருதவேண்டும். பத்தாண்டுகள், அலுவலுக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதிலெல்லாம், தம் உள்ளம் விழைந்த தொழிலைச் செய்து பார்த்தார். அது தம்மைத் தாங்கும் என்று தெளிந்த பின்னரே பாதி ஊதியத்தை மனநிறைவோடு ஏற்றார். பெயர்ப்பலகைகள் நம் வழியிலும் உண்டு. இறங்கிச் சென்று கதவைத் தட்டுதல் நம் பொறுப்பு.