அசோகனது மைத்திரி

மௌரியப் பேரரசனாகிய அசோகன், முடிசூடிய எட்டாம் ஆண்டிலே, ஏறக்குறைய கி.மு. 261-இல், கலிங்கத்தை வென்றான். மடிந்தோர் 1,00,000 பேர், நாடுகடத்தப்பட்டோர் 1,50,000 பேர் எனத் தானே கல்லில் வெட்டுவித்து வருந்தினான்.

புத்தர் போதித்த மைத்திரி தியானத்தோடு அமைவதன்று. அசோகனிடத்து அது மடைப்பள்ளிவரை சென்றது. நாடோறும் அளவிறந்த பிராணிகள் மாண்ட அவ்விடத்தில் இரு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படலாயின, மானும் நித்தியமன்று. அவையும் இனிக் கொல்லப்படா என அறிவித்தான். மக்கட்கும் விலங்குகட்கும் மருத்துவம் வகுத்தான். சோழ பாண்டிய நாடுகளும் அச்சாசனத்திற் குறிக்கப்பெற்றமை நமக்கு உவகை தருவதாம். தான் உண்ணும்பொழுதும் குடிகளின் காரியம் தன் செவிக்கு எட்டவேண்டுமென ஆணையிட்டான்.

ஆயினும், தன் வருத்தத்தைக் கூறும் சாசனத்தைக் கலிங்கத்துத் தௌலிப் பாறையில் அவன் பொறிக்கவில்லை. புண்பட்டோர் முன்னிலையில் அதனைக் கூற நாணினன் போலும்! அங்கே, அதிகாரிகள் எவரையும் காரணமின்றிச் சிறையிடலாகாதென்னும் கட்டளையே காணப்படுகின்றது.