சொற்களுக்கு ஜோடி தேடியவர்!

குட்டீஸ்... 'வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது' என்று சொல்கிறோம். யாராவது வந்து, 'வெயில் பெய்கிறது' என்றால், சிரித்து விடுவீர்கள் தானே! அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும், நாம் அப்படிப் பேசுவதில்லை.

ஆங்கிலத்திலும் இப்படித் தான். கடுப்பமான தேநீரை, 'ஸ்ட்ராங் டீ' என்பர். 'பவர்புல் டீ' என்று சொல்ல மாட்டார்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது, அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவருக்குத் தானாகவே தெரியும். மற்றவர் என்ன செய்வது?

அவர்களுக்காகவே ஓர் அகராதியைத் தயாரித்தார், ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி.

இங்கிலாந்தில், செஸ்டர் நகரில், 1898ல் பிறந்தார் ஹார்ன்பி. லண்டனில் பட்டம் பெற்றவர், 1924ல், ஆங்கில ஆசிரியராக ஜப்பான் சென்றார். ஒய்டா என்ற ஊரில், வணிகக் கல்லூரி ஒன்றில் வேலை. இலக்கியம் நடத்தப் போனவருக்கு, ஓர் உண்மை புரிந்தது. மாணவர்களுக்கு முதல் தேவை இலக்கியம் அல்ல. ஆங்கிலத்தை இயல்பாகப் பேசவும், எழுதவும் கற்பது தான்.

அப்போது டோக்கியோவில், ஹரால்டு பால்மர் என்ற ஆங்கிலேயர், மொழி கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்து வந்தார். அவருடன் இணைந்து, சேர்ந்தே வரும் சொற்களைத் திரட்டினார் ஹார்ன்பி. 1936ல், பால்மர் தாய்நாடு திரும்பியதும், ஆய்வுப் பொறுப்பு ஹார்ன்பியிடம் வந்தது.

கேட்டன்பி, வேக்பீல்டு என்ற இரு ஆசிரியர்களின் துணையோடு, 1937ல் அகராதி வேலையைத் துவக்கி, 1940ல் முடித்தார்.

அதில் என்ன புதுமை தெரியுமா?

பொருளோடு, ஒரு சொல்லை வாக்கியத்தில் எப்படி அமைப்பது என்பதையும் சொன்னது அந்த அகராதி. 'ஐ வான்ட் யூ டு கோ' என்பது சரி. அதே போல, 'ஐ சஜஸ்ட் யூ டு கோ' என்றால் தவறு. வினைச்சொற்களை, அவை வாக்கியத்தில் அமையும் விதப்படி, 25 வகையாகப் பிரித்துக் காட்டினார் ஹார்ன்பி. எண்ணக் கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாதது எது என்றும் குறித்தார். 'பர்னிச்சர்' என்ற சொல்லில், 'ஸ்' சேர்க்கக் கூடாது என்பது, இப்படித் தான் மாணவர்களுக்குப் புரிந்தது.

அகராதி வெளிவரும் முன், பேரிடி விழுந்தது. 1941 டிசம்பரில், ஜப்பானும், பிரிட்டனும் போரில் மோதின. நேற்று வரை ஆசிரியராக இருந்த ஹார்ன்பி, எதிரி நாட்டவராகி, காவலில் வைக்கப்பட்டார். 1942ல், ஜப்பானை விட்டே வெளியேற நேர்ந்தது.

பல ஆண்டு உழைப்பு வீணாகி விட்டதா? இல்லை! எதிரி நாட்டவர் எழுதிய, எதிரி மொழி அகராதி என்று ஒதுக்காமல், கைடகுஷா என்ற ஜப்பானியப் பதிப்பகம், அதே 1942ல் அதை அச்சிட்டு வெளியிட்டது. போர் நடந்து கொண்டிருந்த போதே, ஜப்பானிய மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊர் திரும்பிய ஹார்ன்பி, பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்தார். ஆங்கில ஆசிரியர்களுக்காக, 1946ல் ஓர் இதழைத் துவக்கினார். 1948ல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம், அவரது அகராதியை மீண்டும் வெளியிட, அது உலகெங்கும் பரவியது. 'ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக் ஷனரி' என்று இன்று நாம் அறிவது, அதன் வழி வந்தது தான்.

புத்தகங்களால் கிடைத்த பணத்தில் பெரும் பகுதியைக் கொண்டு, 1961ல் ஓர் அறக்கட்டளை அமைத்தார். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள், பிரிட்டன் வந்து பயிற்சி பெற, அது உதவியது. 1978ல் மறைந்தார் ஹார்ன்பி.

குட்டீஸ்... இனி அகராதியைப் புரட்டும் போது, பொருளை மட்டும் பார்த்து மூடி விடாதீர்கள். அருகிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். தனிச் சொல்லாக இல்லாமல், ஜோடியோடு மனதில் பதிந்தால், ஆங்கிலம் உங்கள் நாவில் இயல்பாக வரும்!