மாலுமிகளின் நண்பர் மெர்க்கேட்டர்

பிளாண்டர்ஸ் நாட்டில் ரூபல்மாண்ட் என்னும் சிற்றூரில், 1512-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள், செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் ஜெரார்டு மெர்க்கேட்டர். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, குருவானவராக இருந்த உறவினர் ஒருவர் ஆதரித்துப் படிக்க வைத்தார். லூவேன் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், கணிதமும் செப்புத் தகட்டில் படம் செதுக்கும் கலையும் கற்றுத் தேர்ந்தார்.

அக்காலத்து மாலுமிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பலைச் செலுத்தினால், அப்பாதை உருண்டையான பூமியின்மேல் வளைந்து செல்லும். அது மிகக் குறுகிய பாதையும் அன்று. போர்த்துக்கல் நாட்டுக் கணித மேதை பெத்ரோ நூனெஸ் 1537-இல் இதை விளக்கி எழுதினார். 1541-இல் மெர்க்கேட்டர் தாம் செய்த பூகோள உருண்டையில் அந்த ஒரே திசைக் கோடுகளை வரைந்து காட்டினார். ஆனால் கப்பலில் விரித்துப் பார்க்கத் தட்டையான படமன்றோ வேண்டும்?

அதற்குள் அவருக்குச் சோதனை வந்தது. 1544-இல் சமயக் கொள்கையில் தவறியவர் என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அவ்வழக்கில் பிடிபட்ட சிலர் உயிரையே இழந்தனர். பல்கலைக்கழகத்தார் அவருக்காகப் பரிந்து பேசினர். ஏழு மாதங்களுக்குப் பின் விடுதலை பெற்றார். மனம் உடைந்து போகாமல் மீண்டும் வேலையைத் தொடங்கினார். 1552-இல் ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரில் குடியேறினார்.

அங்கே 1569-இல், 18 தாள்களில் தமது உலகப் படத்தை வெளியிட்டார். தட்டையான படத்தில் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் கிழக்கு மேற்கு அகலம் மிகும். அதே அளவுக்கு வடக்கு தெற்கு நீளத்தையும் அவர் கூட்டினார். அதனால் ஒரே திசைப் பாதை நேர்கோடாயிற்று. மாலுமி அளவுகோலை வைத்துக் கோடு போட்டுத் திசையை அறியலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆப்பிரிக்காவில் 14-இல் ஒரு பங்கேயான கிரீன்லாந்து, அப்படத்தில் அதற்கு இணையாகத் தோன்றும். யோகோஹாமாவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து செல்லும். அதுவே பெருவட்டப் பாதை. நேர்கோட்டுப் பாதையைவிட அது 200 கடல் மைலுக்கு மேல் குறைவு. ஆனால் அதில் செல்பவர் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கால மாலுமிக்கு அது எளிதன்று. ஆகவே தொலைவு சற்றுக் கூடினாலும் வழி தவறாத பாதையையே மெர்க்கேட்டர் அவருக்கு அளித்தார்.

1594 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். ஆங்கிலேயரான எட்வர்டு ரைட் அப்படத்தின் கணக்கை விளக்கியது 1599-இல்தான். இன்றும் கடற்படங்கள் பல அவர் முறையிலேயே வரையப்படுகின்றன.

அன்புத் தோழியரே, உழைப்பின் பலனைத் தாம் காணாவிட்டாலும் பிறருக்கு வழிகாட்டிய அப்பெரியாரைப் போல, நாமும் சோதனையில் தளராது கடமையைச் செய்வோமாக!