கார் போனாலும் இன்ஜின் நிற்கும்: யார் இந்த ஆழ்வார்குறிச்சி அனந்தராமகிருஷ்ணன்?

புதுசா ஒரு சின்ன ஸ்போர்ட்டி கார் வரப்போகுதுன்னு ஒரு படம் கசிந்தால் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும். ஒரு லிட்டர் டர்போவா, ஒன்றரை லிட்டரா? மேனுவல் கியரா, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கா? ஹைப்ரிட் உண்டா, இல்லை நேரடியாக பேட்டரியா? பாவூர்சத்திரம் டீக்கடையில் தொடங்கி சென்னை ஷோரூம் வரைக்கும் ஆளுக்கொரு கணிப்பு.

இந்தக் கணிப்புகளில் பாதி பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காரின் உடம்பை மாற்றுவது ஒப்பீட்டளவில் சுலபம். இன்ஜினைப் புதிதாகச் செய்வது கடினம், செலவும் அதிகம். அதனால் எந்தக் கம்பெனியும் கையில் இருக்கும் இன்ஜினைத்தான் முதலில் பார்க்கும். இந்த உண்மையை 75 வருஷத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஒரு தொழில் சாம்ராஜ்யத்தையே கட்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஊர் பாவூர்சத்திரத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. மேட்டூர், கீழக்கடையம், ரவணசமுத்திரம் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி. அவர் பெயர் எஸ். அனந்தராமகிருஷ்ணன்.

கணக்குப் புத்தகத்திலிருந்து கம்பெனிக்கு

பிறந்தது 1905-ல். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆழ்வார்குறிச்சி அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். மேற்கே மலை, சுற்றிலும் வயல். தொழிற்சாலைப் புகையே தெரியாத ஊர். படித்த பிள்ளைகள் பட்டணம் போய்த்தான் பிழைக்க வேண்டும். அவரும் சென்னைக்குப் போனார்.

அவர் இன்ஜினியர் இல்லை, கணக்குத் துறை ஆள். இது முக்கியம். எந்தப் பொருளில் எவ்வளவு பணம் தங்குகிறது, எந்தத் தொழில் ஐந்து வருஷத்தில் அடங்கிப்போகும், எது நிற்கும் என்று பார்ப்பதுதான் அவருடைய பலம்.

1930-களில் அவர் சிம்சன் கம்பெனிக்குள் வந்தார். 1840-ல் குதிரைச் சேணம் செய்யும் கடையாகத் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி அது. சேணத்திலிருந்து குதிரை வண்டி, அப்புறம் மோட்டார் வண்டி. 1903-லேயே நீராவியில் ஓடும் ஒரு காரைச் செய்து சென்னையை வியக்க வைத்த இடம். 1938-ல் அமால்கமேஷன்ஸ் என்ற தாய் நிறுவனம் உருவானது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய 1940-களில், சிம்சனின் தலைமை நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார் அனந்தராமகிருஷ்ணன். ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, மெயில் மாலைப் பத்திரிகை ஆகியவையும் இந்தக் குழுமத்துக்குள் வந்தன. ஆனால் அவருடைய மனசு மோட்டாரில்தான் இருந்தது.

போர் சொல்லிக் கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் பின்னால் பெரிய டிரம் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். அந்தக் காலப் பெரியவர்களுக்குக் 'கரி பஸ்' என்றால் உடனே புரியும். பெட்ரோலா, டீசலா, கரியா என்பது அன்றைய இன்ஜின் விவாதம்.

ஆனால் எரிபொருள் எதுவாக இருந்தாலும் உள்ளே ஏறி இறங்குவது பிஸ்டன்தான். அதைச் சுற்றி ரிங், கீழே பேரிங், கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன் பார்ப்பதற்கு ஒரு சின்ன டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடி அளவு. கொஞ்சம் கூடினால் புகை கக்கும். கொஞ்சம் குறைந்தால் சூட்டில் இறுகிப் பிடித்துவிடும். இந்த நுணுக்கத்தில் லட்சக்கணக்கில் செய்கிற திறன் அன்று இந்தியாவில் பெரிதாக இல்லை. ஒரு பிஸ்டனுக்காகக் கப்பலை எதிர்பார்த்து லாரி ஷெட்டில் நிற்கும் நிலைமை.

1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. இடம், வடசென்னையில் செம்பியம். முதலில் கார், அப்புறம் பாகம் என்றுதான் பலரும் யோசித்தார்கள். இங்கே பாகத்துக்கும் சம அந்தஸ்து கிடைத்தது.

கை நழுவிய மோரிஸ் மைனர்

சின்னக் கார் ஆசை அவருக்கும் இருந்தது. குழுமத்தைச் சேர்ந்த அடிசன் கம்பெனி, பிரிட்டனின் மோரிஸ் மைனர் காரைச் சென்னையில் பூட்டி விற்றது. அந்தக் காலத்தின் கச்சிதமான கார் அது. அளவு சின்னது, வளைவில் நன்றாகத் திரும்பும், நடுத்தரக் குடும்பம் கனவு காணக்கூடிய வண்டி.

1953-ல் கதை மாறியது. டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி விற்பது மட்டும் போதாது. இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இருந்தால்தான் அனுமதி. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட இந்தியாவில் கடையைக் கட்டின. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், லேலண்ட் லாரிப் பக்கம் திரும்பியது. அடிசனின் கார் கதையும் நீளவில்லை.

வேறொருவராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே கொள்கை இவருக்கு இன்னொரு கதவைத் திறந்தது. உள்நாட்டிலேயே செய் என்று அரசு சொன்னால், வண்டி செய்கிற எல்லாருக்கும் பிஸ்டன் வேண்டும், பேரிங் வேண்டும், இன்ஜின் வேண்டும். கார் சந்தையில் யார் ஜெயித்தாலும் பாகம் விற்கிறவருக்கு வியாபாரம் உண்டு.

ஒரு சிலிண்டர், மூணு இன்ஜின்

1950-களில் சிம்சன், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டீசல் இன்ஜின் தயாரிப்பில் இறங்கியது. பெர்கின்ஸின் யோசனை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. ஒரு சிலிண்டரின் அளவை முடிவு செய்துவிட வேண்டும்: மூன்றரை அங்குல விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஐந்து அங்குலம். அதில் மூன்றை வரிசையாக வைத்தால் பி3, சுமார் 2.4 லிட்டர். நான்கு வைத்தால் பி4, சுமார் 3.1 லிட்டர். ஆறு வைத்தால் பி6, சுமார் 4.7 லிட்டர். பிஸ்டன் அளவு ஒன்றே, தேவைப்படும் சக்தி மட்டும் வேறு.

இன்றைக்கும் இதே கணக்குத்தான். பி.எம்.டபிள்யூ ஒரு சிலிண்டருக்கு அரை லிட்டர் என்று வைத்து மூன்று, நான்கு, ஆறு சிலிண்டர் இன்ஜின்களைச் செய்கிறது. ஃபோக்ஸ்வேகனின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போவும், ஒன்றரை லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவும் ஒரே குடும்பம். ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருக்கும் ஒரு லிட்டர் டர்போ, வென்யூவிலும் இருந்தது. அதனால்தான் வரப்போகும் காரின் இன்ஜினைச் சரியாக ஊகிக்கிறவர்கள் முகப்பு விளக்கைப் பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனியின் ஆலையில் இப்போது எந்த இன்ஜின் குடும்பம் ஓடுகிறது, எந்த கியர்பாக்ஸ் அதற்குப் பொருந்தும் என்று பார்க்கிறார்கள்.

லாரியிலிருந்து வயலுக்கு

1959-ல் பெர்கின்ஸை மாஸி பெர்குசன் என்ற டிராக்டர் நிறுவனம் வாங்கியது. அடுத்த வருஷமே, 1960-ல், மாஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே நிறுவனத்தை அமால்கமேஷன்ஸ் தொடங்கியது. 1961-ல் பைமெட்டல் பேரிங்ஸ். ஆக இன்ஜின், அதற்கான பிஸ்டன், பேரிங், கடைசியில் அதைச் சுமக்கும் டிராக்டர் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. இன்றும் தென்காசிப் பக்கத்து வயல்களில் உழும் சிவப்பு மாஸி டிராக்டரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிம்சன் இன்ஜின் இருக்கும். ஆழ்வார்குறிச்சிக்காரரின் கை, சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தது இந்த வழியில்தான்.

ஆனால் ஒரு குறையும் உண்டு. முக்கிய ஆலைகள் எல்லாம் சென்னையைச் சுற்றியே எழுந்தன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கு ரயில் ஏற வேண்டிய நிலை மாறவில்லை. ஊருக்கு அவர் தந்தது ஆலை இல்லை, படிப்பு. ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி பெயரில் எழுந்த கல்வி நிலையங்கள் அவருடைய முயற்சி. பக்கத்துச் சிவசைலம் கோயிலின் அம்மன் பெயர் அது. மகனுக்கும் சிவசைலம் என்றே பெயர்.

1964-ல், 60 வயதைத் தொடும் முன்பே அவர் காலமானார். பின்னாளில் குழுமத்தை நடத்தியவர் அந்த மகன் சிவசைலம். டாஃபேயை இன்று நடத்துபவர் பேத்தி மல்லிகா சீனிவாசன்.

இனி என்ன?

போட்டி பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையில் இருந்தவரை அவருடைய கணக்கு தப்பவில்லை. ஹைப்ரிட் வந்தாலும் கவலை இல்லை, அதிலும் பிஸ்டன் உண்டு. பேட்டரி கார் மட்டும் வேறு ரகம். அதில் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் இல்லை, கிளட்ச்சும் தேவையில்லை.

அதனால், அடுத்த சின்ன ஸ்போர்ட்டி கார் டர்போவா பேட்டரியா என்ற கேள்வி வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. செம்பியம், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பாகம் செய்து பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளக் கேள்வி. நெல்லைக்கும் தென்காசிக்கும் பணம் அனுப்பும் பிள்ளைகளும் அதில் உண்டு. கார் கை நழுவியபோது அனந்தராமகிருஷ்ணன் கேட்டுக்கொண்டது, யார் ஜெயித்தாலும் எல்லாருக்கும் தேவைப்படும் பாகம் எது என்பதைத்தான். அன்று பதில் பிஸ்டன். இன்று அது மோட்டாரா, பேட்டரி செல்லா, அதை ஆட்டிவைக்கும் மின்னணுச் சில்லா என்பதைக் கண்டுபிடிக்கிறவர்தான் அடுத்த அனந்தராமகிருஷ்ணன்.