இரைச்சலுக்குள் ஓடிய நதி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, தோட்டத்தில் சில்வண்டு இரைகிறது என்று எண்ணி எழுந்து சன்னலைச் சாத்தினேன். இரைச்சல் குறையவில்லை. அடுத்த அறைக்குப் போனேன்; அங்கும் அதே இரைச்சல். உறங்கிக் கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் கேட்டேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சில்வண்டு தோட்டத்தில் இல்லை, என் காதுக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் செவித்திறனைச் சோதித்தார். உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் இரு காதுகளிலும் குறைந்திருக்கிறது, வயதின் காரணமாக இருக்கலாம், இதை முற்றிலும் அகற்றும் மாத்திரை கிடையாது என்றார். அந்த விடை எனக்குப் போதவில்லை. வேறு மருத்துவர்களிடம் சென்றேன். எண்ணெய் விட்டேன், காப்பியைக் கைவிட்டேன், நள்ளிரவில் கைப்பேசியில் காணொலிகளைத் தேடினேன். கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி நான் எழுதிக் கொண்டிருந்த நூல் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றது. காது குணமாகட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். ஏழு மாதங்கள் கழிந்தன.

கூட்டுறவுக் கடன் என்னும் கருத்து ஜெர்மானிய முன்மாதிரியிலிருந்து நமக்கு வந்தது. அதற்காக மத்திய ஐரோப்பாவின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டியபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. பெட்ரிக் ஸ்மெடானா. செக் நாட்டு இசையின் தந்தை என்று போற்றப்படுபவர். ஐம்பதாவது வயதில் அவருக்கும் காதிரைச்சல் வந்தது என்று படித்ததும் என் நூலை மறந்து அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1824-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட பொஹீமியாவில் லிடோமிஷல் என்னும் சிற்றூரில் ஸ்மெடானா பிறந்தார். தந்தை பீர் வடிப்பவர். ஆறு வயதிலேயே பொது மேடையில் பியானோ வாசித்த சிறுவன் அவர். கல்வியும் ஆட்சியும் ஜெர்மன் மொழியில் இருந்த காலம் அது. செக் மண்ணின் இசையைப் படைத்தவர் செக் மொழியில் பிழையின்றி எழுதக் கற்றது நடுவயதை நெருங்கிய பிறகுதான்.

துயரம் அவரை இளமையிலேயே தேடி வந்தது. 1854 முதல் 1856 வரையிலான இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு பெண் குழந்தைகளில் மூவரைப் பறிகொடுத்தார். பிழைப்புக்காகச் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்குச் சென்று இசை கற்பித்தார். காசநோயால் நலிந்த மனைவி கேத்ரினா, 1859-இல் தாயகம் திரும்பும் வழியில் டிரெஸ்டனில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு பெட்டினா என்பவரை மணந்தார்.

1861-இல் பிராக் நகருக்குத் திரும்பினார். செக் மக்கள் தங்கள் மொழிக்கென ஒரு நாடக அரங்கை எழுப்பத் துடித்த காலம். 1866-இல் அவருடைய 'விற்கப்பட்ட மணப்பெண்' இசை நாடகம் அரங்கேறியது. முதலில் வரவேற்பின்றிப் போன அந்த நாடகமே பின்னர் செக் மக்களின் சொத்தானது. அதே ஆண்டு தற்காலிக அரங்கின் தலைமை இசை இயக்குநரானார். எட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்; பாராட்டைப்போலவே பகையும் சேர்ந்தது.

1874 கோடையில் தொண்டைப் புண்ணுடன் நோய் தொடங்கியது. பிறகு காது அடைத்தது. இரைச்சலும் சீழ்க்கை ஒலியும் இடைவிடாது கேட்டன. முதலில் வலக்காது செயலிழந்தது. அக்டோபர் மாதம் இடக்காதும் அடங்கியது. வெளியுலகின் ஓசைகள் அற்றுப் போயின. உள்ளே இருந்த இரைச்சல் மட்டும் எஞ்சியது. கேளாமையைவிட அந்த இரைச்சலே அவரை அதிகம் வதைத்தது. இசைக்குழுவை வழிநடத்தும் வேலை பறிபோனது. அவருடைய இசை நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றும் உரிமைக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 குல்டன் தர அரங்க நிர்வாகம் ஒப்புக் கொண்டது. பொருளியல் மாணவனான என் கண்ணுக்கு இது ஓய்வூதியமாகத் தெரியவில்லை. ஒரு கலைஞனின் வாழ்நாள் உழைப்பை மலிவாகக் குத்தகைக்கு எடுத்த ஒப்பந்தமாகவே தெரிகிறது.

அவரும் காரணத்தைத் தேடினார், நிவாரணத்தைத் தேடினார். பிராக் மருத்துவர்கள் ஓசையில்லாத அறையில் தனித்திருக்கச் சொன்னார்கள். இசையே கூடாது என்றார்கள். மாணவர்களும் கோத்தன்பர்க் நண்பர்களும் நிதி திரட்டினார்கள். 1,244 குல்டன் சேர்ந்தது. அதைக் கொண்டு 1875-இல் வூர்ஸ்பர்க், வியன்னா ஆகிய நகரங்களுக்குச் சென்று அக்காலத்தின் புகழ்பெற்ற செவி மருத்துவர்களைக் கண்டார். பயனில்லை. ஓராண்டுக் கால ஊதியத்துக்கு ஈடான தொகை கரைந்தது, சீழ்க்கை கரையவில்லை.

இங்கேதான் காலவரிசையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். முழுமையாகச் செவி அடங்கியது அக்டோபரில். நவம்பர் 20-ஆம் நாள் 'வல்தாவா' என்னும் இசைச் சித்திரத்தை எழுதத் தொடங்கினார். டிசம்பர் 8-ஆம் நாள் முடித்தார். பத்தொன்பது நாள்கள். பொஹீமியக் காட்டில் இரு சிறு ஊற்றுகளாகத் தோன்றி, வேட்டைக் களத்தையும் சிற்றூர்த் திருமணத்தையும் நிலவொளியையும் கடந்து, பிராக் நகரை அகன்று தழுவிச் செல்லும் நதியின் இசை அது. உலகெங்கும் இன்று ஒலிக்கும் அந்த நதியின் ஓசையை அவர் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. வியன்னா மருத்துவரிடம் போவதற்குப் பல மாதங்கள் முன்பே அதை எழுதி முடித்துவிட்டார். குணமான பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இந்த வரியைப் படித்தபோது, மூடிக் கிடந்த என் கையெழுத்துப் படிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

1876-இல் வறுமை அவரைத் தலைநகரிலிருந்து வெளியேற்றியது. யாப்கெனிட்சே என்னும் சிற்றூரில், வன அதிகாரியான மருமகனின் வீட்டில், மூத்த மகள் ஸோஃபியுடன் குடும்பத்தோடு தங்கினார். அங்கு அதே ஆண்டு இறுதியில் 'என் வாழ்விலிருந்து' என்னும் படைப்பை எழுதினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகளுக்கான இசைத் தன்வரலாறு அது. இளமையின் கலைக் கனவு, நடனக் களிப்பு, முதல் மனைவி மீதான காதல் என மூன்று பகுதிகள் நகர்கின்றன. நான்காம் பகுதி, தன் நாட்டு இசைக்கு வழி கண்டுவிட்ட பெருமிதத்தோடு துள்ளி ஓடுகிறது. திடீரென்று எல்லாம் நிற்கிறது. மற்றக் கருவிகள் கீழே நடுங்க, முதல் வயலின் மட்டும் மிக உயர்ந்த ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அதுதான் அவர் காதில் ஒலித்த சீழ்க்கை. பிறகு பழைய நினைவுகள் மங்கலாக வந்து போக, இசை மெல்ல அடங்குகிறது.

எவராலும் பங்கிட்டுக் கொள்ள முடியாத நோய் காதிரைச்சல். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். புண்ணைக் கண்ணால் பார்க்கலாம். இதை மட்டும் மனைவிக்கோ மருத்துவருக்கோ காட்ட இயலாது. ஸ்மெடானா அதைக் காட்டினார். 1878-இல் அந்தப் படைப்பு நண்பர்களின் சிறு கூட்டத்தில் முதன்முதலாக இசைக்கப்பட்டபோது வயோலா வாசித்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற த்வோர்ஷாக். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஸ்மெடானாவின் காதுக்குள் இருந்ததைச் சில நொடிகளேனும் கேட்டார்கள்.

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட முடியாது. தொடர்ந்து எழுத அமர்ந்தால் இரைச்சல் வலுத்தது. சிறிது சிறிதாகவே எழுத முடிந்தது. அப்படியே மேலும் மூன்று இசை நாடகங்களை முடித்தார். ஆறு இசைச் சித்திரங்கள் கொண்ட 'என் தாயகம்' முழுமை பெற்று 1882 நவம்பர் 5-ஆம் நாள் பிராக் நகரில் அரங்கேறியது. கரவொலியை அவர் கண்ணால்தான் கண்டார். பின்னர் நினைவும் பேச்சும் தடுமாறின. 1884 ஏப்ரலில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மே 12-ஆம் நாள், அறுபதாவது வயதில் மறைந்தார். பால்வினை நோயான சிஃபிலிஸ்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள். அதை மறுத்து வேறு காரணம் கூறுவோரும் உண்டு. அவர் தேடிய காரணம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

அவருக்குக் கிட்டாத சில நமக்குக் கிட்டியிருக்கின்றன. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் தேயும்போது மூளைக்குச் செல்லும் ஒலிச் செய்தி குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக் கொள்வதால் இல்லாத ஒலி கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வயது வந்தோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு இந்த அனுபவம் உண்டு என்று 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது.

ஆகவே காரணத்தைத் தேடத்தான் வேண்டும். காதில் அடைத்த குறும்பி, தொற்று, பேரொலி, அதிக அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரின், சில வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை சரிசெய்யக்கூடிய அல்லது தவிர்க்கக்கூடிய காரணங்கள். இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ மருத்துவரைக் காணத் தாமதிக்கக் கூடாது. செவித்திறன் திடீரென்று குறைந்தால் அன்றே செல்ல வேண்டும். முழுக் குணம் இல்லாதவர்களுக்கும் செவித்துணைக் கருவி, மெல்லிய பின்னணி ஒலி, இரைச்சல் மீதான அச்சத்தைத் தணிக்கும் உளவியல் சிகிச்சை எனத் துணைகள் உண்டு. ஸ்மெடானாவுக்கு விதிக்கப்பட்ட நிசப்த அறைக்கு நேர்மாறாக, முழு நிசப்தத்தைத் தவிர்க்கச் சொல்கிறது இன்றைய மருத்துவம்.

பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். தேடலுக்கும் விலை உண்டு. மேலும் தேடுவதால் வரும் பயன் அந்த விலையைவிடக் குறையும் இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொன்ன பாடம், என் காது என்றதும் எனக்கு மறந்துவிட்டது. மருத்துவருக்குக் கொடுத்த கட்டணத்தை மட்டும் கணக்கில் வைத்தேன். எழுதாத ஏழு மாதங்களை எந்தப் பத்தியிலும் பற்று வைக்கவில்லை.

இப்போது செவித்துணைக் கருவி அணிகிறேன். காலையில் மின்விசிறியின் மெல்லிய ஓசையில் ஒரு மணி நேரம் எழுதுகிறேன். நான்காம் அத்தியாயம் முடிந்துவிட்டது. சில்வண்டு போய்விடவில்லை, இந்த வரியை எழுதும்போதும் இரைகிறது. சில நாள்களில் தம்பூராவின் சுருதியைப்போலப் பின்னால் நின்றுகொள்கிறது; சில நாள்களில் முன்னால் வந்து மறிக்கிறது. அப்படிப்பட்ட நாள்களில் வல்தாவா நதியைக் கேட்கிறேன். அதை எழுதியவரின் காதில் அப்போது என்ன ஒலித்துக் கொண்டிருந்தது என்று நினைத்துக் கொள்கிறேன். பிறகு பேனாவை எடுக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).